நாற்பத்திரண்டில் சேராத ‘ங்’

ஈரோட்டுப் பக்கத்து நம் பள்ளியில் தமிழய்யாவிடம் படித்தவர்களை நிறுத்தி ‘மா’ என்றால் என்ன என்று கேளுங்கள். மாமரத்தோடு விட மாட்டார்கள். மாவு, விலங்கு, குதிரை, நில அளவு, இருபதில் ஒரு பங்கு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒன்றை விட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைப்பார் அய்யா. இன்று பிரிஸ்பேனில் பல தேசத்துக்காரர்களோடு ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறேன். யார் வாயிலிருந்து ஒரு குட்டிச் சொல் விழுந்தாலும், “அது எந்த ஊருச் சொல்லுங்க?” என்று கேட்கத் தோன்றுகிறது. அய்யா பிடித்துவிட்ட பழக்கம், போகவில்லை.

இப்படி ஒரே எழுத்தாக நின்று பொருள் தரும் சொல்லுக்கு ஓரெழுத்து ஒரு மொழி என்று பெயர். அது மொத்தம் 42 என்பது நன்னூல் கணக்கு. உயிரில் 6, மகரத்தில் 6, த, ப, ந வரிசைகளில் ஐந்தைந்து, க, ச, வ வரிசைகளில் நந்நான்கு, யகரத்தில் ஒன்று. இந்த 40ம் நெடில். குறிலில் ‘நொ’, ‘து’ இரண்டு மட்டும். நொ என்றால் துன்பப்படு, து என்றால் உண். இந்தச் சூத்திரத்தை நடத்தும்போது அய்யாவின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நம்ம கொங்கு நாட்டுக்காரர், பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. விஜயமங்கலத்துச் சமணக் கோயிலுக்கு எங்களைச் சைக்கிளில் கூட்டிப்போன அன்றும் அய்யா அதைத்தான் சொன்னார்.

சூத்திரத்தைவிட எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது எங்கள் வகுப்புதான். சிலர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கொங்குத் தமிழ். ஒரு சனிக்கிழமை தெலுங்கு வீட்டுப் பையன் ஒருவன் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவனுடைய அவ்வா திண்ணையில் உட்கார்ந்தபடி, வீட்டைக் காட்டிப் பெருமையாக “இதி மா இல்லு” என்றார். பசியோடு வந்திருந்த ஒருவன் சட்டென்று, “மாவு இல்லைன்னா பரவாயில்லீங் அவ்வா, சோறே போதுமுங்” என்றான். அவ்வாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோசையே கிடைத்தது.

திங்கட்கிழமை இந்தக் கதை அய்யா காதுக்குப் போனது. அன்று அவர் பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. தெலுங்கு ‘இல்லு’ நம்முடைய ‘இல்’லுக்குச் சொந்தம். தெலுங்கு ‘மா’வோ நம் மாவுக்கும் மாமரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, ‘எங்கள்’ என்று பொருள், நம்முடைய ‘எம்’முக்குத்தான் அது பங்காளி. அதேபோல் தெலுங்கில் ‘நா’ என்றால் ‘என்’. நம் நாக்கோடு அதற்குச் சம்பந்தமில்லை, ‘என்’னோடுதான் சம்பந்தம். கன்னட வீட்டுப் பையனை எழுப்பிப் பூவுக்கு என்ன என்று கேட்டார். “ஹூங்க அய்யா.” பாலுக்கு? “ஹாலு.” பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாகிப்போனது, ஆள் அதேதான் என்றார். ஒரே மாதிரி ஒலித்தவை அந்நியம், வேறு மாதிரி ஒலித்தவை சொந்தம் என்று தலைகீழாக வந்து நின்றது அன்றைய பாடம்.

அதனால்தான், எந்த மொழியில் ஒரு சொல் தமிழ்போலக் காதில் விழுந்தாலும் உடனே அது நம்மிடமிருந்து போனதுதான் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் எனக்கு ஒப்புவதில்லை. சீன மொழியில் குதிரை ‘மா’, நம் அகராதியிலும் ‘மா’ குதிரை. கேட்டதும் துள்ளத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சீனச் சொல்லின் பழைய வடிவில் ரகரமும் இருந்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. தவிர அதே ‘மா’ ஏற்ற இறக்கம் மாறினால் அங்கே அம்மா, சணல், திட்டு என்று ஆகிவிடும். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. முறை வைத்துக் கூப்பிடும் நம்மூரில் இதைச் சொன்னால் பஞ்சாயத்தே வரும்.

நான் இருக்கும் குயின்ஸ்லாந்தின் வடக்கே, கெயின்ஸுக்குத் தென்மேற்கில், ம்பபரம் என்ற பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குச் சொல் ‘டாக்’. ஆங்கிலேயரிடம் வாங்கியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பக்கத்து மொழியான யிடிஞ்சில் நாய் ‘குடக’. அந்தச் சொல்லேதான் ம்பபரத்தில் தலையும் வாலும் தேய்ந்து ‘டாக்’ ஆகி நிற்கிறது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சொல் குட்டியானால் இப்படி முட்டிக்கொள்ளத்தான் செய்யும். தமிழையே எடுங்கள். மெய் 18, நெடில் 7, பெருக்கினால் 126. வெறும் உயிர் நெடில் 7ஐயும் சேர்த்தால் 133. (குறளின் அதிகாரக் கணக்கும் அதுதானே என்று கேட்காதீர்கள், அதுவும் தற்செயல்தான்.) இருக்கிற கொஞ்சம் ஒலியை வைத்து உலகமெல்லாம் பேச வேண்டும். நிஜமாகவே நம் பக்கத்திலிருந்து போன சொற்களும் உண்டு. தமிழ் மாங்காய், மலையாள மாங்ங, போர்த்துகீசியரின் மங்கா, ஆங்கிலேயரின் மேங்கோ என்று வழி தெளிவாகத் தெரிகிறது. இங்கே கோடையில் போவன் மாம்பழப் பெட்டியைத் தூக்கும்போது நான் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

அப்புறம் ‘ங்’. சரிங், இல்லீங், வாங் என்று வாய்க்கு வாய் கொங்குக்காரர் நாம் ஒட்டும் இதைவிடக் குட்டி மரியாதை தமிழ்நாட்டில் வேறெங்கும் நான் கேட்டதில்லை. சொல்லுங்கள் ‘சொல்லுங்க’ ஆகி, நம்மூர் வந்ததும் ‘சொல்லுங்’ என்று நின்றுவிட்டது. ஆனால் சொல்லின் கடைசியில் வரும் எழுத்துகளை நன்னூல் வரிசைப்படுத்தும் இடத்தில் ஙகர ஒற்றுக்கு இடமே இல்லை. “அப்ப நாம பேசறது தப்புங்களா அய்யா?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அய்யா யோசிக்கவே இல்லை. “பவணந்தியார் ஊட்டுல என்ன பேசினாருன்னு நாம போய்க் கேட்டமா கண்ணு?”

என் அலுவலகத்தில் ஒருவருக்குக் குடும்பப் பெயரே ‘ங்’. மற்றவர்கள் ‘இங்’ என்றும் ‘என் ஜி’ என்றும் தடுமாற, நான் முதல் நாளே சரியாகக் கூப்பிட்டதில் அவருக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் அது மரியாதை என்றேன். அவர் சீன வம்சம். சீனர்களிடமும் ‘ங்’ ஒன்றல்லவாம். காண்டனீஸ், ஹொக்கியன், மாண்டரின் எல்லாம் சீன மொழி வகைகள். காண்டனீஸ்காரர்களின் ‘ங்’ மாண்டரினில் ‘வூ’. ஹொக்கியன்காரர்களின் ‘ங்’ மாண்டரினில் ‘ஹுவாங்’. எழுத்தும் வேறு, வம்சமும் வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. காண்டனீஸில் ஐந்துக்கும் ‘ங்’தான், ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. “உங்களுடையது எந்த ங்?” என்று கேட்டேன். ஹொக்கியன் ங். மஞ்சள் நிறம் என்று அர்த்தமாம். ஈரோட்டுக்காரனிடம் இதைச் சொன்னால் விடுவேனா? அன்று காப்பி ஆறும்வரை அவருக்கு மஞ்சள் மண்டிக் கதைதான்.