சுவர்க் கடிகாரத்துப் பென்சில் செல்

"அத்தை, ரெண்டு செல் எடுத்துக்கறேன்!"

பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டான். கூடத்துக் கடிகாரத்தில் ஒன்று, உள் அறைக் கடிகாரத்தில் ஒன்று.

இரண்டும் அவன் வீடியோ கேம் ஆடும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்குள் போயின. நடுவில் இருந்த விளக்கு பளிச்சென்று வெள்ளையாக எரிந்தது. அவன் முகமும்தான்.

கடிகாரத்துச் செல் சொட்டுச் சொட்டாக மின்சாரம் தருவதற்கானது. கன்ட்ரோலரை அதிர வைக்கும் மோட்டார் ஓடினால் சீக்கிரமே தீர்ந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் வாங்கினால் நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம். 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2தான், ஆனாலும் நன்றாகவே ஓடும்.

பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரில் லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. செல் செலவு இல்லை, வயர் போட்டால் போதும். ஆனால் அந்தப் பேட்டரிக்கு வயதானால் கன்ட்ரோலரின் மேல்மூடியைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

அதனால் நான் பென்சில் செல் கட்சிதான். கொருக்குப்பேட்டையில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

அப்புறம் கன்ட்ரோலரைக் கணினியோடு வயரில்லாமல் இணைப்பது. கணினியில் ப்ளூடூத் இருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ப்ளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் ஓடுகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு ரூட்டர். பட்டனை அழுத்தினால் கேமில் ஆள் தாமதமாகக் குதிப்பான். சில கன்ட்ரோலர்களோடு வரும் டாங்கிளும் (யூஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) பெரும்பாலும் அதே அலைவரிசைதான், ஆனால் பொதுவாக வேகம் அதிகம். யூஎஸ்பி 3 போர்ட்டை ஒட்டிச் செருகாதீர்கள், அதன் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும்.

மறுபடி பேட்டரிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் பெரும்பாலான சிறு கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். நம் ஊரிலும் அப்படி ஒன்று வர வேண்டும்.