முக்திநாத்: டிக்கெட் இருந்தது, விமானம்தான் இல்லை

நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போய்த் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. முட்டிவலி போய்விட்டது, விமான நிறுவனக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் மீதுள்ள எரிச்சல் போகவில்லை.

பொக்காராவிலிருந்து, கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கும் ஜோம்சோமுக்கு வானில் இருபது நிமிடம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று கிளம்பிவிடும் என்பதால் சிறு விமானங்கள் காலையோடு சரி. ஐந்து மணிக்கே போய்விட்டோம். “அரை மணியில் தெரியும்” என்றார் கவுண்டர்காரர். பதினோரு மணிவரை அதையே சொல்லிவிட்டு, ரத்து என்றார். மறுநாளும் அதே நாற்காலி, அதே அரை மணி. பணத்தைக் கேட்டால் ஏஜென்டைக் காட்டுகிறார்; ஏஜென்ட் இவரைக் காட்டுகிறார். இன்றுவரை வரவில்லை. போகிறவர்கள் இரண்டு நாளாவது உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஜீப். வழியில் பேனி என்ற ஊரைத் தாண்டியபின் என் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டேன். இருட்டிவிட்டதால் ஜோம்சோமிலேயே தங்கியது, தெரியாமல் செய்த நல்ல காரியம். அது சுமார் 2,700 மீட்டர். கோயில் இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே. ஒரே மூச்சில் ஏறிய கூட்டத்தினர் மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவாவிலிருந்து அம்மாவுக்குக் குதிரை. எனக்குப் பத்தடிக்கு ஒரு இளைப்பாறல்.

திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற திருத்தலம் இதுதான் என்று அம்மா வழியெல்லாம் பாசுரம் சொல்லிக்கொண்டே வந்தார். சந்நிதிக்குப் பின்னால் வரிசையாக 108 தாரைகள், உருகிய பனியின் தண்ணீர். பத்தாவது தாரைக்குள் உச்சந்தலை மரத்துவிட்டது. அம்மா அசரவில்லை, முடித்துவிட்டு, “நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன்போல” என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மாற்றுத் துணிப் பையை நான் அறையிலேயே விட்டு வந்திருந்தேன். நீங்கள் விடாதீர்கள்.

நாம் பெருமாள் என்று சேவிக்கும் மூர்த்தியைப் பௌத்தர்கள் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரராக வணங்குகிறார்கள். பக்கத்து ஜுவாலா மாயி கோயிலும் பிக்குணிகளின் பராமரிப்பில்தான். ஈரப் புடவையோடு நடுங்கிய அம்மாவை ஒரு பிக்குணி கைபிடித்துக் குனியவைத்துக் காட்டினார்: கம்பி வலைக்குப் பின்னால், தண்ணீர் சலசலக்கும் இடத்தில், விரலளவு நீலச் சுடர். நிலத்திலிருந்து கசியும் எரிவாயு. அம்மா கும்பிட்டார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் வலையருகே நீட்டிக் குளிர்காயப் பார்த்தார்.