அபார்ட், கேன்சல், ரீசெட்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு எங்கள் பில்லிங் சர்வரின் டிஸ்க் மண்டையைப் போட்டது. உள்ளே இருந்தது பில்லெல்லாம் சேமித்திருக்கும் ஆரக்கிள் டேட்டாபேஸ்.

எனக்குப் பெரிய பயமில்லை. தினமும் ராத்திரி 2 மணிக்கு டேட்டாபேஸை பேக்கப் மோடில் (ஓடும்போதே நகலெடுக்கத் தோதான நிலை) வைத்து, ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்து டிஸ்க்கின் நகல் எடுத்து, மோடை விடுவித்து, எந்த ஃபைல் எங்கே என்று குறித்து வைத்திருக்கும் கன்ட்ரோல் ஃபைலையும் ஒரு பிரதி எடுத்து, எல்லாவற்றையும் வேறொரு ஸ்டோரேஜுக்கு அனுப்ப ஸ்கிரிப்ட் இருக்கிறது. (ஸ்னாப்ஷாட்டை அதே டிஸ்க்கில் மட்டும் வைத்திருப்பது, பீரோவின் மாற்றுச்சாவியை அந்த பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது மாதிரி.) பகலில் நடக்கும் மாற்றங்கள் கால் மணிக்கு ஒரு ஆர்க்கைவ் லாக் ஃபைலாகப் பதிவாகி வேறு சர்வரில் போய்ச் சேர்ந்துவிடும்.

பயமெல்லாம் மேனேஜருக்குத்தான். விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிப்பார்களே, அந்த ரகம்.

டேட்டாபேஸ் பாதி உயிரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரேயடியாக நிறுத்த ‘ஷட்டவுன் அபார்ட்’ என்று அடித்தேன்.

“அபார்ட்டா? ஏன் தம்பி, நார்மலா நிறுத்த முடியாதா?”

“நார்மலா நிறுத்துற நிலைமையில அது இல்ல சார்.”

ஸ்னாப்ஷாட்டைப் புது டிஸ்க்கில் கொண்டுவந்து மவுண்ட் செய்ய அரை மணி நேரம். அப்புறம் ராத்திரிக்குப் பிந்தைய மாற்றங்களை லாகுகளிலிருந்து ஏற்றும் கமாண்ட்: ‘ரெக்கவர் டேட்டாபேஸ் யூசிங் பேக்கப் கன்ட்ரோல்ஃபைல் அன்டில் கேன்சல்’. அந்தக் கடைசி வார்த்தையைப் படித்ததுமே சார் லேசாக இருமினார். லாகுகளைத் தானே எடுத்துக்கொள்ளச் சொல்லி ‘ஆட்டோ’ என்று கொடுத்ததும் அறுபது சொச்சம் லாகுகளும் ஒவ்வொன்றாக ஏறின. திரையில் வரி ஓட ஓட அவர் முகம் தெளிந்தது. டீ கூடச் சொன்னார்.

டீ வந்த நேரத்தில் திரையில் ஓரா-00308 என்று ஒரு எரர். லாகைத் திறக்க முடியவில்லை.

“போச்சா?”

“இல்ல சார், இது நல்ல எரர். கடைசி லாக் அந்தச் செத்த டிஸ்க்கோட போயிடுச்சு. இல்லாத ஃபைலைக் கேக்குது, அவ்வளவுதான். ஒரு பத்து நிமிஷ பில்லைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.”

நல்ல எரர் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அதே ரெக்கவர் கமாண்டை மறுபடி கொடுத்து, அது ஃபைல் கேட்டபோது ‘கேன்சல்’ என்று அடித்தேன். ‘மீடியா ரெக்கவரி கேன்சல்ட்’ என்று பதில் வந்தது.

“ஏன்பா கேன்சல் பண்ணே? இவ்வளவு நேரம் நல்லாத்தானே போயிட்டிருந்துது!”

“போதும்னு சொல்றதுக்கு அதுல அந்த வார்த்தைதான் சார் இருக்கு.”

அடுத்து ‘ஆல்டர் டேட்டாபேஸ் ஓப்பன் ரீசெட்லாக்ஸ்’. என்டர் தட்டுவதற்கு முன் என் தோளில் கை வந்து விழுந்தது. ரீசெட் என்றால் அவருக்குத் தெரிந்தது மொபைல் ரீசெட். மகன் ஒரு முறை அழுத்தி, குலதெய்வக் கோயில் போட்டோ எல்லாம் போய்விட்டதாம். இங்கே லாக் நம்பர்தான் திரும்ப 1-லிருந்து ஆரம்பிக்கும், பில் ஒன்றும் அழியாது என்று விளக்கியபின் கை நகர்ந்தது.

தட்டினேன். சில நொடி மௌனம். ‘டேட்டாபேஸ் ஆல்டர்டு.’

“என்ன ஆல்டர் ஆச்சு?”

“திறந்துடுச்சு சார்.”

சாயங்காலம் 6:40-க்குப் போட்ட பில்லைத் திரையில் காட்டிய பிறகுதான் நம்பினார். உடனே முதலாளிக்கு போன்:

“சார், அபார்ட் பண்ணி, கேன்சல் பண்ணி, எல்லாத்தையும் ரீசெட் பண்ணிட்டாங்க சார். ஆமா சார். இல்ல சார், நல்லாத்தான் இருக்கு சார்.”

அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. முதலாளி.