வலைப்பூ எழுதினால் என்ன வரும்?

காரைக்குடியில் உட்கார்ந்து வலைப்பூ எழுதி என்ன வருகிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வருகிறது, ஆனால் சம்பளம் மாதிரி வராது. எனக்கு இணையக் கட்டணமும் கரண்ட் பில்லும் அதில் கழிந்துவிடுகின்றன.

நம் வலைப்பூவில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018-ல்தான். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும், அதைப் பதிய வேண்டும். அப்புறம் 100 டாலர் தேறும்வரை பணம் கைக்கு வராது, அப்படியே கிடக்கும். அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "அதுவரைக்கும் நம்ம காசு அவன்கிட்டதானே இருக்கு, வட்டி போடுவானா?" என்றார். செட்டிநாட்டில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

"செட்டிநாட்டின் பெருமை" என்று பொதுவாக எழுதினால் யாரும் சீண்டுவதில்லை. ஆத்தங்குடி டைல்ஸை எப்படிக் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றிச் செய்கிறார்கள், பிறகு ஏன் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள் என்று பட்டறைப் படங்களோடு எழுதியதை வீடு கட்டுகிறவர்கள் இன்னும் தேடி வந்து படிக்கிறார்கள். கவுனி அரிசியை ராத்திரியே ஊறவைக்கச் சொன்ன பதிவுக்கும் அதே கதைதான், பண்டிகை நேரத்தில் கூட்டம் கூடும்.

பாத்திரம், புத்தகம் இவற்றை விற்கும் தளத்துக்கு இணைப்பு கொடுத்து, அதன் வழியே யாராவது வாங்கினால் சின்னக் கமிஷன் உண்டு. கமிஷன் வருகிறது என்பதைப் பதிவிலேயே சொல்லிவிடுவேன்.

ஒன்று, விளம்பரத்தை நாமே தட்டினாலோ சொந்தக்காரர்களைத் தட்டச் சொன்னாலோ கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஆகவே மாமா, பாசம் புரிகிறது, தினமும் காலையில் போய்த் தட்டாதீர்கள்.