வேலையோடு ஆங்கில இலக்கிய முதுமாணி முடித்த அனுபவம்

கொழும்பில் பாடசாலையொன்றில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் ஆங்கில இலக்கிய முதுமாணி படித்து முடித்தேன். உயர்தரம் வரை தமிழ்மொழிமூலம் படித்தவள் நான். இதே யோசனையில் இருக்கும் இரண்டு தங்கச்சிமார் அண்மையில் விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

விண்ணப்பிக்க முதல் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பெயர் முதுமாணி என்றிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில், பாடநெறிகளை மட்டும் படித்து முடிப்பது 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வேடும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். நான் முதலில் குறுகியதற்கே படிவம் நிரப்பினேன். பிறகு ஆய்வுப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் நீண்டதை எடு என்று எங்கள் பாடசாலையின் மூத்த ஆசிரியை ஒருவர் மறித்தார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அனுமதிப் பரீட்சையில் கவிஞரின் பெயரோ ஆண்டோ இல்லாமல் ஒரு கவிதையைத் தந்து எழுதச் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற விமர்சகர் 1920களில் மாணவர்களுக்கு இப்படித்தான் கவிதைகளைக் கொடுத்துப் பார்த்தார். அந்த வழக்கம் இன்னும் எங்கள் பரீட்சைத் தாள்களில் இருக்கிறது. படித்த குறிப்புகள் எதுவும் அங்கே உதவாது. கவிதையில் உறுத்திய ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். நேர்முகப் பரீட்சையில் உச்சரிப்பைப் பார்ப்பார்களோ என்று பயந்தேன். கடைசியாக வாசித்த நாவலில் எந்த இடம் பிடிக்கவில்லை, ஏன் என்றுதான் கேட்டார்கள்.

முதல் ஒப்படைக்குக் குறைந்த புள்ளிதான் கிடைத்தது. வரிக்கு வரி விமர்சகர்களின் மேற்கோள். அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மூலத்தை இரண்டு தரம் வாசித்து, எனக்குப் பட்டதை ஒரு பக்கம் எழுதிய பிறகே விமர்சன நூலைத் திறப்பது. வெள்ளவத்தை அனெக்ஸில் சத்தம் அதிகம் என்பதால் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து, விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே இருக்கும் பொது நூலகத்துக்குப் போய்விடுவேன். புள்ளிகள் மெல்ல மெல்ல ஏறின.

ஆய்வேட்டுக்கு எடுத்தது மொழிபெயர்ப்பு. ஈழத்துக் கவிஞர் எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ கவிதைக்கு ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிய கவிதை. நூலகப் படிக்கட்டருகே புத்தரைச் சுட்டுக் கொன்று, தொண்ணூறாயிரம் புத்தகங்களால் உடலை மூடி எரிக்கிறார்கள். பள்ளி நாளிலிருந்தே தெரிந்த கவிதை, என்னுடைய கவிதை என்ற நினைப்பு எனக்கு.

கவிதையில் அந்த நெருப்பு சிகாலோகவாத சூத்திரத்தைக் கொளுத்தித்தான் மூட்டப்படுகிறது. அதை நான் ஒரு நூலின் பெயர் என்று மட்டும் கடந்து போயிருந்தேன். குருநாகலிலிருந்து வந்து எங்களோடு படித்தவர் ஒருவர் இருந்தார். அவரை அக்கா என்பேன், சிங்களத்திலும் அதே சொல்தான். ஒருநாள் கன்ரீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த இடத்தில் விரலை வைத்து, “இது என்ன சூத்திரம் தெரியுமா?” என்று கேட்டார். இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்ன கடமைகள். ஆறு திசைகளையும் ஆறு உறவாகக் காட்டுவது. கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே பணியாளர், மேலே துறவிகள். மாணவர் ஆசிரியரை எப்படி மதிக்க வேண்டும் என்று சொல்லும் சூத்திரத்தை வைத்து ஒரு நூலகத்தைக் கொளுத்துகிறார்கள்! இத்தனை வருடமாக இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அன்றிரவு அந்த அத்தியாயத்தை முழுக்க அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அவருக்கு நான் காட்டியது ‘தம்மபதமும்தான்’ என்ற சொல். தம்மபதம் புத்தரின் போதனைப் பாக்களின் தொகுப்பு. உடல் சாம்பலான பிறகு, தம்மபதமும்தான் சாம்பலானது என்று கவிதை முடிகிறது. பள்ளியில் எச்சவும்மை என்று பாடமாக்கிய அந்த ‘உம்’ இங்கே முன்னால் போன எல்லாவற்றையும் தன்னோடு இழுத்து வருகிறது. ‘தான்’ அதற்கு மேல் ஒரு பாரத்தை வைக்கிறது. ஆங்கிலத்தில் ‘டூ’ (too) போட்டால் பட்டியலில் இன்னொன்று சேர்ந்த மாதிரி இருக்கிறது. ‘ஈவன்’ (even) போட்டால் வியப்பாகிவிடுகிறது, அந்த வரியில் வியப்பு கிடையாது. இதை மட்டும் பதினொரு பக்கம் எழுதினேன். ஆய்வேட்டில் எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள் அவை.

வாய்மொழிப் பரீட்சை முக்கால் மணித்தியாலம். சூத்திரத்துக்கு அடிக்குறிப்பு தேவையா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே பாதி நேரம் போனது. கவிதைப் பக்கத்தில் வேண்டாம், முன்னுரையில் சொல்லலாம் என்றேன். ஒரு பரீட்சகர் கடைசிவரை உடன்படவில்லை. ஆனால் நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார், நன்றாகக் கேட்டார்.

திருத்தங்களுக்கு ஒரு மாதம் தந்தார்கள். பெரும்பாலும் எம்.எல்.ஏ. (MLA) என்ற மேற்கோள் காட்டும் முறையில் விட்ட பிழைகள். எந்த நூலை எடுத்தாலும் முதல் நாளிலேயே பக்க எண்ணையும் பதிப்பாண்டையும் கொப்பியில் குறித்து வையுங்கள். நான் குறிக்காமல் விட்ட ஏழு மேற்கோள்களைத் தேடியே மூன்று சனிக்கிழமைகள் போயின.