செயின்ட் அன்ட்ரூஸில ஒரு ஞாயிற்றுக்கிழமை

கோல்ஃப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சீனன்குடாவில விமானப்படையின்ட கோல்ஃப் மைதானம் இருக்கு, ஆனா திருகோணமலையில பிறந்து வளந்த எங்கட செட்டில ஒருத்தரும் உள்ளுக்க கால் வச்சதா கேள்வியில்ல. அக்காவைப் பாக்க எடின்பரோ போன நேரம் அத்தான்தான் "வாரும் தம்பி, ஓல்ட் கோர்ஸைக் காட்டுறன்" எண்டு இழுத்துக்கொண்டு போனவர். ஓல்ட் கோர்ஸ் எண்டது ஸ்கொட்லாந்தில செயின்ட் அன்ட்ரூஸ் எண்ட ஊரில இருக்கிற பழைய கோல்ஃப் மைதானம். அந்த ஊருக்கு ரெயில் இல்ல, பக்கத்தில லூக்கர்ஸில இறங்கி பஸ் எடுக்கவேணும்.

வேலி, கேட், செக்யூரிட்டி எல்லாம் இருக்கும் எண்டு நினைச்சுப் போனா, ஞாயிற்றுக்கிழமை, ஒருத்தரும் விளையாடேல்ல, பெரிய போட்டி ஏதும் நடந்தாலொழிய ஞாயிறு கோல்ஃப் இல்லையாம், சனம் நாயோட நடக்குது, பிள்ளையள் ஓடுதுகள். முதலாவது ஹோலுக்கும் (ஹோல் எண்டா பந்தை அடிச்சு அடிச்சுக் கொண்டுபோய் குழியில விழுத்துற ஒரு பகுதி) பதினெட்டாவதுக்கும் குறுக்கால பொது ரோட்டே போகுது! கடற்கரைப் பக்கத்து மணல் நிலம், கட்டைப் புல்லு, மரம் எண்டு சொல்ல பெரிசா ஒண்டுமில்ல. வீடியோ கோல்ல பாத்த அம்மா "இது எங்கட மாடு மேயிற தரவையெல்லோ" எண்டா. அம்மா சொன்னதிலயும் விசயம் இருக்கு, அங்க முந்தி ஆடுகள் மேஞ்சு, காத்துக்கு ஒதுங்கின பள்ளங்கள்தான் பிறகு பங்கர், அதாவது பந்து மாட்டுற மணல்குழி, ஆனது எண்டு ஒரு கதை. இப்ப அப்பிடி 112 பங்கர். பதினாலாவது ஹோலில இருக்கிறதுக்குப் பேரே ஹெல் பங்கர், 1995 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில பெரிய சாம்பியன் ஜாக் நிக்லாஸே அதுக்குள்ள மாட்டி அந்த ஒரு ஹோலை முடிக்க 10 தரம் அடிக்கவேண்டி வந்தது.

கோல்ஃபுக்கு ஏன் 18 ஹோல் எண்டதுக்கும் இந்த இடம்தான் காரணம். முதல் ஒரு ரவுண்டுக்கு 22 இருந்ததாம், 1764ல சில சின்ன ஹோல்களைச் சேத்து 18 ஆக்கினவை, பிறகு உலகமே அதைப் பிடிச்சுக்கொண்டுது. ஸ்வில்கன் பாலத்தில ஃபோட்டோ எடுக்க லைன் நிக்குது. நானும் நிண்டன், பாலம் என்னவோ சின்னக் கல்லுப்பாலம்தான், நிக்லாஸ் 2005ல கைகாட்டி விடைபெற்ற இடம் எண்டபடியாலயும் அந்த மவுசு.

எனக்குப் பிடிச்சது வேற. 1552ல அங்கத்தைய ஆர்ச்பிஷப் ஒரு பத்திரம் எழுதினவர், தான் அங்க முயல் வளக்கலாம், ஆனா ஊர்ச்சனத்துக்கு கோல்ஃப், ஃபுட்போல், மற்ற விளையாட்டுகள் எல்லாத்துக்கும் நிலத்தில உரிமை இருக்கு எண்டு. பிறகு முயல் வியாபாரிகள் புல்லை நாசமாக்க, அதுக்கு ஊர்ச்சனம் வருசக்கணக்கா கோடு கச்சேரி எண்டு அலைஞ்சிருக்குதுகள். விடேல்ல. அந்த நிலம் இப்பவும் பொதுநிலம்தான், காசுள்ள ஆக்கள் உலகம் முழுக்க இருந்து வந்தாலும் விளையாட குலுக்கல்ல பேர் விழவேணும் எண்டு காத்திருக்கினம். கடலோரம் இருந்தாலே ஹோட்டல்காரனுக்குத்தான் எண்டு நினைச்சுப் பழகின எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

திரும்பி வந்து எங்கட டச்சுபே கடற்கரையில பெடியளுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல, ஒருத்தன் கேக்கிறான் "அப்ப மச்சான், அங்க கிரிக்கெட் அடிக்கலாமோ?" மற்ற விளையாட்டுகள் எண்டு பத்திரத்தில இருக்குத்தானே, வழக்குப் போட்டுப் பாருங்கோ எண்டன்.