எட்டாவது கேள்வியை எடுத்துவிட்டேன்

பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் தொழில்நுட்பத்தோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. வினாக்கொத்தில் எட்டாவதாக, "மூடில் தளத்தைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டிருந்தேன். விரிவுரைக் குறிப்புகளை எடுக்கவும் அசைன்மென்ட் போடவும் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் இணையத்தளம்தான் மூடில் (Moodle). கிட்டத்தட்ட எல்லோருமே "ஆம்".

ஹட்டனிலிருந்து வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கும் ஒரு மாணவியும் அப்படித்தான் போட்டிருந்தார். கென்டீனில் பிளேன்டீ குடிக்கும்போது, "நேற்று இரவு படித்ததைப் போனில் ஒருக்கா காட்டுவீங்களா தங்கச்சி?" என்று கேட்டேன். அவர் திறந்தது வட்ஸ்அப். பெட்ச் குழுவில் யாரோ மூடிலிலிருந்து இறக்கிப் போட்ட பிடிஎஃப், சீனியர் அண்ணா குப்பி (மாணவர்களே மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்பு) எடுத்தபோது வெண்பலகையைப் பிடித்த படங்கள், விரிவுரையில் வந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழில் விளக்கும் குரல் பதிவுகள். "அசைன்மென்ட் போடத்தான் மூடிலுக்குப் போவேன் அக்கா. படிக்கிறது இங்கதான்."

இளையவர்கள் டிஜிட்டல் உலகிலேயே பிறந்தவர்கள், மூத்தவர்கள் அதற்குள் பிறகு குடியேறியவர்கள் என்று 2001 இல் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி பிரித்தார். 2011 இல் ஆய்வாளர்கள் டேவிட் வைட்டும் அலிசன் லு கோர்னுவும் வயதை விட்டுவிட்டு, ஓரிடத்துக்கு அலுவலாக வந்துபோகிறோமா, அங்கேயே குடியிருக்கிறோமா என்று பார்க்கச் சொன்னார்கள். அந்தத் தங்கச்சி மூடிலுக்கு விருந்தாளி, வட்ஸ்அப்பில் குடியிருப்பவர். என் "ஆம்" பெட்டிக்குள் இது எப்படி அடங்கும்?

அதைவிட என்னை உலுக்கியது அலுவலகத்தில் பார்த்தது. முகாமைத்துவ உதவியாளராக இருக்கும் ஓர் அக்கா, ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள்தான். "எனக்குக் கம்பியூட்டர் சரிவராது" என்றுதான் பேச்சையே தொடங்கினார். ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டுகிறார், அவ்வளவு வேகம்! சிக்கல் அப்புறம்தான். பாமினி எழுத்துரு இல்லாத போனில் அவருடைய அறிவித்தல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் இணையத்தில், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, பிசகிய எழுத்துகளைக் கையால் திருத்தி அனுப்புகிறார். பல வருடங்களாக இதே வேலை. தாமதம் என்று பேச்சு வாங்கியதும் அவர்தான்.

பாமினி விசை அமைப்பிலேயே தட்ட, யூனிகோடாக விழும் மென்பொருள் உண்டு. என்எச்எம் ரைட்டர் அப்படியொன்று. அவரிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. மாணவர்களிடம் கேட்க ஆயிரம் பேர் வருகிறார்கள். அலுவலகத்து மேசைகளுக்கு யார் போகிறார்கள்? எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

எட்டாவது கேள்வியை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கிறேன். அந்த அக்காவின் கணினியில் மென்பொருளை நிறுவ நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். கடிதம் கொடுத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன்.